பெயின்டுக்கு அடியில் ஒரு கோடு

மூன்று ஏக்கர் நிலத்தை ஆசை ஆசையாக வாங்கிய பிறகுதான், நிலம் என்பது சும்மா கிடக்காது என்று அவர்கள் இருவருக்கும் புரிந்தது. முதல் மழை முடிந்த பத்தாம் நாள் களை இடுப்பளவு வளர்ந்து நின்றது. வாடகை டிராக்டர்காரர் "நாளைக்கு வரேன்" என்று மூன்று வாரம் சொல்லிவிட்டு ஒருநாள் வந்தார். அந்தப் பெரிய வண்டி கேட்டுக்குள் நுழையாமல் முக்கிப் பார்த்து, ஒரு தூணைப் பெயர்த்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"நமக்குன்னு ஒரு சின்ன டிராக்டர் வாங்கிட வேண்டியதுதான்" என்றார் கணவர், விழுந்த தூணின் மேல் உட்கார்ந்துகொண்டு.

அவர் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பின்னும் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். எந்த எஞ்சினாக இருந்தாலும் சத்தத்தை வைத்தே ஜாதகம் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு அவருக்கு உண்டு. மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். டாக்டர்கள் முதல் தரை துடைக்கிறவர்கள் வரை 'எக்ஸ்ரேக்கா' என்றே கூப்பிட்டுப் பழகி, அந்தப் பெயர் வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதுமே எலும்பில் மயிரிழை விரிசல் எங்கே ஓடுகிறது என்று அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாய் திறக்க மாட்டார். சொல்ல வேண்டியவர் டாக்டர் என்று இருந்து இருந்தே பழகிவிட்டது.

நிலத்தில் பாதி சமதளம், அவர்கள் வீடும் அங்கேதான் இருந்தது. மீதிப் பாதியில் எலுமிச்சை மரங்கள் நின்றன. அந்தப் பக்கம் தரை ஓடையை நோக்கிச் சரிந்து இறங்கியது.

முதலில் அவர்கள் போனது டயர் கடைகள் வரிசையாக இருந்த தெருவின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகைக்கு. பெயர்ப்பலகையில் பாதி எழுத்துகள் உதிர்ந்திருந்தன. உள்ளே நான்கு சின்ன டிராக்டர்கள். கையெல்லாம் கிரீஸோடு ஒரு பெண் வந்தார், நாற்பது வயது இருக்கும். அவர்தான் டீலர். வண்டியைக் காட்டுவார் என்று பார்த்தால், ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எத்தனை ஏக்கர் சார்? சரிவு இருக்கா? எவ்வளவு சரிவு? கேட் எத்தனை அடி அகலம்? வண்டி நிறுத்தற இடத்துல கூரை எவ்வளவு உயரம்? என்ன வேலைக்கு? களை மட்டும் வெட்டணுமா, உழணுமா, டிரெய்லர் இழுக்கணுமா? யார் ஓட்டுவீங்க? பாதி வேலையில நின்னு போனா, இங்கிருந்து நான் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

டிரைவருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து உட்கார்ந்தது. "நான் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன்மா. ஒரு கீறல் கிடையாது."

"பஸ் வேற, இது வேற சார். பஸ் சொல்லிட்டுக் கவிழும். இது சொல்லாது" என்றார் அந்தப் பெண், எழுதுவதை நிறுத்தாமல். "சரிவை நேர்ல பாக்காம நான் யாருக்கும் வண்டி காட்டறதில்லை. வர வியாழக்கிழமை வரேன்."

வெளியே வந்ததும் டிரைவர் வெடித்தார். "போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க! சாமான் விக்க வந்தாளா, இல்ல பரீட்சை வைக்க வந்தாளா? வியாழக்கிழமையும் வேண்டாம், வெள்ளிக்கிழமையும் வேண்டாம்னு சொல்லிடு." அன்று முதல் அவர் வாயில் அந்தப் பெண்ணுக்கு 'கேள்வியம்மா' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அன்று மாலையே நெடுஞ்சாலை ஓரத்து ஷோரூமுக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. குளிர்ந்த காற்று. டை கட்டிய ஓர் இளைஞன் டீ கொடுத்து உட்கார வைத்தான், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டிரைவர் சொன்னதற்கெல்லாம் "கரெக்ட் சார், அனுபவம் பேசுது சார்" என்றான். பிறகு ஒரு சிவப்பு வண்டியிடம் கூட்டிப்போனான். ஆட்களுக்கு ஓட்டிக் காட்ட வைத்திருந்த டெமோ வண்டி, இருபது மணி நேரம்கூட ஓடவில்லை, விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தருகிறோம் என்றான். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது அவர் முகம் பத்து வயதுப் பையனின் முகம்போல ஆனது.

எக்ஸ்ரேக்கா வண்டியின் பின்னால் நின்றார். இருக்கைக்குப் பின்னே, ஓட்டுபவர் தலைக்கு மேல் உயரமாக, கவிழ்த்து வைத்த 'ப' போல ஒரு தடித்த இரும்பு வளைவு நின்றது. வண்டி புரண்டாலும் ஆளை நசுக்காமல் தாங்கிக்கொள்ள அது இருக்கிறது என்று டை கட்டியவன் சொல்லியிருந்தான். அந்த வளைவின் இடது காலில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பெயின்டுக்கு அடியில் ஒரு கோடு ஓடியது. விளக்கு ஒரு பக்கமாக விழுந்ததால்தான் தெரிந்தது. விரலால் தடவினார். மெலிதாக மேடு தட்டியது.

"தம்பி, இது என்ன கோடு?"

"பெயின்ட் வழிஞ்சது மேடம்" என்றான், பார்க்காமலே.

டிரைவர் இருக்கையிலிருந்து திரும்பி முறைத்த முறைப்பில் அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்து, "யோசிச்சு சொல்லலாங்க" என்று மட்டும் சொன்னார். "யோசிக்கலாம், யோசிக்கலாம்" என்றார் டிரைவர். அந்தக் குரலே சரியில்லை.

ஐந்து நாள் கழித்து எக்ஸ்ரேக்கா கண் பரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வாசலில் ஒரு லாரி நின்றது. அதன் பின்பலகையிலிருந்து அந்தச் சிவப்பு டிராக்டர் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பது வருஷக் குடும்பத்தில் ஒரு தலையணை உறைகூட இருவரும் பேசாமல் வாங்கியதில்லை.

"என்னங்க இது?"

"வாங்கிட்டேன்" என்றார் டிரைவர், வண்டியைத் தட்டிக்கொடுத்தபடி. "இந்த விலைக்கு இன்னொருத்தன் கொத்திட்டுப் போயிடுவான்னு சொன்னாங்க. பதிவுக் காகிதமெல்லாம் ஒரு மாசத்துல வந்துடும்."

வண்டியை இறக்கியவன் ஷோரூம் மெக்கானிக். ஒல்லியான ஆள். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டிரைவர் திண்டாடித் திண்டாடி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவன் சமையலறை வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டான். ஒரே மூச்சில் குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அம்மா, அந்தச் சரிவுப் பக்கம் இதை இறக்காதீங்க" என்றான்.

"ஏன்பா?"

"சமதளத்துலயே ஓட்டுங்கம்மா. அவ்வளவுதான்."

மறு கேள்வி கேட்பதற்குள் போய் லாரியில் ஏறிக்கொண்டான்.

எக்ஸ்ரேக்கா நேராக டிராக்டரிடம் போய் சாவியை உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சாவியைக் குடு. ஒரு சுத்து சுத்திட்டு வரேன்."

"தர மாட்டேன்."

"என்ன சின்னப்பிள்ளைத்தனம் இது?"

"நீங்க வாங்கினதைவிடவா? அந்தக் கம்பியில கோடு இருக்கு. நான் பாத்தேன். பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு வந்தேன் பாருங்க, அது என் தப்பு. இனிமே மூட மாட்டேன்."

"பெயின்ட் வழிஞ்சதுன்னு அவன் சொன்னானே!"

"காலை உடைச்சுக்கிட்டு வரவங்ககூட சும்மா சுளுக்குன்னுதான் சொல்லுவாங்க. படம் எடுத்தாத்தானே தெரியும்?"

டிரைவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டார். எக்ஸ்ரேக்கா தகரக் கொட்டகைக்குப் போன் போட்டார். உங்களிடம் வாங்கவில்லை, வேறு இடத்தில் வாங்கிவிட்டோம், இதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்து ஒருமுறை பார்க்க முடியுமா என்றார். கோட்டைப் பற்றியும் மெக்கானிக் சொன்னதையும் சொன்னார். "மெக்கானிக் என்ன சொன்னான்னு மறுபடி சொல்லுங்க அக்கா" என்றது குரல். சொன்னார். "காலையில வரேன். அதுவரைக்கும் யாரும் ஏற வேண்டாம்."

மறுநாள் எட்டு மணிக்குக் கேள்வியம்மா தன் பழைய பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். டிரைவர் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு தோளை டிராக்டரில் சாய்த்து நின்றார். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

கேள்வியம்மா அதைச் சட்டை செய்யாமல் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். இடது கால் கோட்டைப் பார்த்தார், கட்டை விரலால் அழுத்தினார், தலையை ஆட்டிக்கொண்டார். முன்பக்கம் வந்து, புத்தம் புதிதாக ஆணி அடித்திருந்த தயாரிப்பு எண் தகட்டைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார். பிறகு மண்டியிட்டு எஞ்சினின் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினார்.

"அக்கா, ஒரு நாணயம் இருந்தா குடுங்க."

இரும்பிலேயே அடித்துப் பதித்த எண் அங்கே இருந்தது. மேலே பட்டையாகப் பெயின்ட் பூசி அதை மறைத்திருந்தார்கள். நாணயத்தால் சுரண்டச் சுரண்டச் சிவப்பு உதிர்ந்து ஒவ்வொரு இலக்கமாக வெளியே வந்தது. மூன்று இலக்கம் தெரிந்ததும் கேள்வியம்மாவின் கை நின்றது. நாணயம் கீழே விழுந்தது. 

"மீதியை நீங்க சுரண்டுங்க அக்கா" என்றார். கண்களை மூடிக்கொண்டார். "அடுத்தது ஏழு. அப்புறம் பூஜ்யம். நாலு. நாலு. ஒன்பது."

எக்ஸ்ரேக்கா குனிந்து சுரண்டினார். ஏழு வந்தது. பூஜ்யம் வந்தது. பக்கத்தில் நான்கு, மறுபடி நான்கு. கடைசி இலக்கத்தின் மேல் பெயின்ட் தடித்திருந்தது. இரண்டு முறை அழுத்திச் சுரண்டியதும் ஒன்பது வந்தது. 

"உங்களுக்கு எப்படி..." என்று டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

கேள்வியம்மா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதை வித்தது நான்தான் சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. ஒரு பழத்தோட்டக்காரருக்கு. நல்ல மனுஷன், சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாரு. அவரு கொட்டகை வாசல் தாழ்வு. இந்தக் கம்பி இடிக்குது, மடக்கிக் குடும்மான்னாரு. மடக்கற மாதிரிதான் இருக்கும் இது. மடக்கினேன். மேட்டுல ஏறும்போதும் சரிவுல இறங்கும்போதும் நிமித்திக்கோங்கன்னு சொன்னேன். சொன்னதோட என் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன்." அவர் மூச்சு வாங்கினார். "பதினோராம் நாள், கம்பி மடங்கினபடியே, தோட்டத்துச் சரிவுல புரண்டுடுச்சு. விசாரணையில இந்த நம்பரைப் படிக்கச் சொன்னாங்க. வண்டியை அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டாங்க. அவரை அடையாளம் காட்ட அவரு சம்சாரம் வந்திருந்தாங்க. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம்."

டிரைவர் டிராக்டரின் மேல் சாய்த்திருந்த தோளைச் சுட்டுவிட்டதுபோல வெடுக்கென்று எடுத்தார்.

"அப்ப... இதுக்கு அடியிலதானா?"

"இதுக்கு அடியிலதான் சார்."

 எக்ஸ்ரேக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.  ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரை அள்ளிக்கொண்டு வந்து அவர் மேஜையில் கிடத்தியிருக்கிறார்கள். அவர்களை நசுக்கிய பொருளை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது இப்போது அவர் வாசலில், துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்தில், பளபளவென்று நின்றது.

"இன்சூரன்ஸ்காரங்க எடுத்துட்டுப் போனாங்க" என்றார் கேள்வியம்மா. "வெட்டி இரும்புக்குப் போட்டுடுவோம்னாங்க. நானும் நம்பினேன்."

டிரைவருக்கு இன்னும் ஒரு இழை நம்பிக்கை மிச்சம் இருந்தது. "சரி, நல்லா ரிப்பேர் பண்ணியிருக்கலாம் இல்லையா? வெல்டிங் உறுதியா இருந்தா..."

"பாத்துடலாம் சார்."

கேள்வியம்மா எழுந்து பிக்கப்பிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்தார். ஒரு முனையை இரும்பு வளைவின் உச்சியில் சுற்றினார், மறுமுனையைப் பிக்கப்பின் கொக்கியில் மாட்டினார். டிராக்டர் நகராமல் இருக்க நான்கு சக்கரத்துக்கும் செங்கல் வைத்து, பின்பக்கத்தை விழாமல் நின்ற கேட் தூணோடு சேர்த்துக் கட்டினார். "இந்த வளைவு முழு வண்டியோட எடையையும் தாங்கணும் சார். நான் அதுல பாதிகூட இழுக்கப் போறதில்லை. ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள போய் ஜன்னல் வழியா பாருங்க."

பிக்கப் முனகியது. சங்கிலி தரையிலிருந்து எழுந்து விறைத்தது. டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் பெரிதாகக்கூட வரவில்லை. காய்ந்த முருங்கைக் கிளையை முறித்ததுபோல ஒரு 'படக்'. வளைவின் இடது கால் பிரிந்தது, வலது கால் வளைந்து ஒடிந்தது, பிறகு முழு இரும்பும் சங்கிலியோடு பறந்து வாசற்படியில் விழுந்து உருண்டது.

அவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். முறிந்த இடத்தில் வெளியே மட்டும் விளிம்புபோல வெல்டிங் ஓடியிருந்தது. உள்ளே பற்றவே இல்லை. பழைய விரிசல் துருப்பிடித்துச் செம்பழுப்பாக வாயைப் பிளந்திருந்தது.

டிரைவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.  "இன்னிக்குக் காலையில எலுமிச்சைப் பக்கம் இறக்கலாம்னு இருந்தேன்" என்றார்.  எக்ஸ்ரேக்காவுக்கு அவரைத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தோன்றவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடி குதித்தது.

மறுநாள் மூவரும் ஷோரூமுக்குப் போனார்கள். முறிந்த இரும்பு வளைவை டிரைவர் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கண்ணாடிக் கதவு அன்றும் தானாகவே திறந்தது. டை கட்டியவன் "வாங்க சார்" என்று ஆரம்பித்து, தோளில் இருந்ததைப் பார்த்துப் பாதியில் விழுங்கினான். முதலாளி அறைக்குள் ஆள் இருந்தார். டிரைவர் வளைவை அவர் கண்ணாடி மேஜையின் மேல் வைத்தார். மெதுவாக வைப்பதாகத்தான் அவர் எண்ணம். ஆனாலும் கண்ணாடி குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டது.

"ஏலத்துல வந்த சரக்கு சார். எங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் முதலாளி.

"நம்பர் தகட்டை மாத்தத் தெரிஞ்சுது இல்ல?" என்றார் கேள்வியம்மா.

முதலாளி அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். முகம் வெளுத்தது. உடனே குரல் குழைந்தது. பணத்தை இப்போதே திருப்பித் தருகிறேன், விஷயத்தை இத்தோடு விட்டுவிடுவோம் என்றார். டிரைவர் பணத்தை வாங்கிக்கொண்டார், விஷயத்தை விடவில்லை. அங்கிருந்து நேராகப் போலீஸுக்கும், பிறகு வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் போனார்கள். நான்காம் நாள் ஷோரூமின் கண்ணாடிக் கதவில் முத்திரைக் காகிதம் ஒட்டியிருந்தது.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் எக்ஸ்ரேக்கா நினைத்தார்.

அடுத்த வாரம் அவர்கள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வியம்மா நிலத்தை வந்து பார்த்து, சரிவை அளந்து, பழைய நோட்டைத் திறந்து வைத்திருந்தார். டிரைவர் ஒவ்வொரு கேள்விக்கும் யோசித்துப் பதில் சொன்னார். "கூரை எவ்வளவு உயரம் சார்?" என்றதும் "டேப் வச்சு அளந்துட்டேன், ஏழே கால் அடி" என்று பையிலிருந்து சீட்டை எடுத்தார். எக்ஸ்ரேக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. அந்த ஒல்லி மெக்கானிக் நின்றான்.

கேள்வியம்மா எழுந்து நின்றார். "நீ எதுக்கு இங்க வந்தே?"

அவன் முன்பு இந்தக் கொட்டகையில்தான் வேலை பார்த்தவன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பழத்தோட்டக்காரரின் சாவுக்குப் பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டானாம்.

"அக்கா, நான்தான் அந்தக் கம்பியை வெல்டு வச்சு ஒட்டினேன்" என்றான். "என்ன வண்டின்னு பாத்ததுமே தெரிஞ்சுது. முதலாளிகிட்ட சொன்னேன். வேலை வேணுமா வேண்டாமான்னு கேட்டாரு. ஒட்டிட்டேன்." பிறகு டிரைவர் பக்கம் திரும்பினான். "சார், நீங்க பஸ் ஓட்டும்போது நான் உங்க பஸ்ல தினமும் வந்திருக்கேன். அன்னிக்கு உங்க வீட்டு வாசல்லதான் அடையாளம் தெரிஞ்சுது. உங்க முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரலை. அதான் அம்மாகிட்ட சொன்னேன்."

டிரைவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. கை ஓங்கிவிட்டார். மெக்கானிக் விலகவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இந்த மாதிரி எத்தனை வண்டி?" என்று கேட்டது எக்ஸ்ரேக்கா.

ஆண்கள் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"உங்களோடதைச் சேத்து நாலும்மா."

கேள்வியம்மா நோட்டை மூடினார். கொட்டகையின் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். பட்டப்பகலில் அந்தத் தெருவில் யாரும் அப்படிக் கடையை அடைத்ததில்லை. டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டு பேருடைய முகவரி மெக்கானிக்குக்குத் தெரியும். நால்வரும் பிக்கப்பில் நெருக்கி ஏறினார்கள். போலீஸுக்குப் போனில் சொல்லிவிட்டே புறப்பட்டார்கள், ஆனால் காத்திருக்க ஒருவருக்கும் மனம் இல்லை.

முதல் வண்டி ஒரு செடிப் பண்ணையில் இருந்தது. சமதளம். பண்ணைக்காரர் அதில் தொட்டிகளை ஏற்றி இழுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சாவியை எடுத்து எக்ஸ்ரேக்கா கையிலேயே கொடுத்துவிட்டு, "என் பேத்தியை மடியில வச்சுக்கிட்டு ஓட்டினேங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இரண்டாவது இடத்துக்குப் போக மண்பாதையில் நாற்பது நிமிஷம் ஆயிற்று. வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் இருந்தார். "வண்டியா? என் மருமக எடுத்துட்டுப் போயிருக்கா. பின்னாடி மேட்டுல புல் வெட்டறா" என்றார்.

வீட்டைச் சுற்றி ஓடினார்கள். மேட்டின் பாதி உயரத்தில் சிவப்பு டிராக்டர் குறுக்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கச் சக்கரம் உயரத்திலும் மறு பக்கச் சக்கரம் பள்ளத்திலுமாகச் சாய்ந்து, ஒவ்வொரு குழியிலும் குலுங்கியது. மேலே இருந்த பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தாள். கத்தியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.  டிரைவர் ஓடினார். அறுபது வயதில், மூட்டு வலியோடு, மேட்டில் ஏறி, பஸ்ஸை நிறுத்த ஓடிவரும் ஆட்களைப்போல இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு ஓடினார். அந்தப் பெண் பார்த்தாள். பிரேக்கில் கால் வைத்தாள். வண்டி பக்கவாட்டில் ஒரு முழம் வழுக்கி, நின்றது.

"மேட்டுப் பக்கமா இறங்குங்கம்மா! மேட்டுப் பக்கமா!" என்று கத்தினார் கேள்வியம்மா.

அவள் இறங்கிய பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது, அவள் ஏழு மாசக் கர்ப்பிணி என்று. டிரைவர் புல்லின் மேல் குப்புற விழுந்து கிடந்தார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்து எக்ஸ்ரேக்கா பக்கத்தில் போனார். அவர் அழுதுகொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் அவர் அழுது எக்ஸ்ரேக்கா பார்த்தது அதுவே முதல் தடவை.

மெக்கானிக் போலீஸில் போய்த் தானே எழுதிக் கொடுத்தான். அவனைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதா என்று கேள்வியம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. டிரைவர் தகரக் கொட்டகையிலிருந்து ஒரு சின்ன டிராக்டர் வாங்கினார். சக்கரம் அகலம், உடம்பு குட்டை, பார்க்க ஆமைபோல இருக்கும். சரிவை உழவே வேண்டாம், புல்லாக விட்டுவிடுங்கள் என்று கேள்வியம்மா சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டார். இரண்டு ஆடு வாங்கி அங்கே கட்டியிருக்கிறார்கள்.

நான்காவது வண்டி மட்டும் கிடைக்கவில்லை. அதை வாங்கியவர் தன் சொந்த லாரியில் வந்து ஏற்றிக்கொண்டு போனாராம். மேட்டு நிலம் வைத்திருக்கிறேன், அதற்குத்தான் என்று சொன்னாராம். ஷோரூம் காகிதத்தில் இருந்த முகவரியில் அப்படி ஒரு ஆளே இல்லை. போலீஸ் தேடுகிறது. கேள்வியம்மா தனக்குத் தெரிந்த டீலர்களுக்கெல்லாம், மெக்கானிக் சொன்ன அந்த வண்டியின் எண்ணை அனுப்பியிருக்கிறார். பழுது பார்க்க எங்காவது வரும் என்று காத்திருக்கிறார்கள்.

போன வாரம் சந்தையிலிருந்து திரும்பும்போது எதிரே ஒரு சிவப்பு டிராக்டர் வந்தது. டிரைவர் நடு ரோட்டில் காரை நிறுத்தி, இறங்கிக் கையைக் காட்டினார். டிராக்டரில் இருந்தவர், தலைப்பாகையும் தாடியுமாக ஒரு பெரியவர், வழிப்பறி என்றே நினைத்துவிட்டார். டிரைவர் ஒன்றும் பேசாமல் வண்டியின் பின்பக்கம் போய், இரும்பு வளைவின் இடது காலை மேலிருந்து கீழே தடவினார். வலது காலைத் தடவினார். எக்ஸ்ரேக்காவும் இறங்கி வந்து குனிந்து, வெயிலுக்கு வாட்டமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கோடு இல்லை.

"என்னய்யா தேடறீங்க?" என்றார் பெரியவர், பயம் போய்க் கோபம் வந்த குரலில்.

 எக்ஸ்ரேக்காதான் சொல்ல ஆரம்பித்தார். பெரியவர் எஞ்சினை அணைத்தார். பாதி கேட்டதுமே மெல்ல இருக்கையிலிருந்து இறங்கி ரோட்டோரம் நின்றுகொண்டார். பின்னால் நான்கைந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. மூவரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.